ரேசர் கிளாம்: எது எந்த வகை, எப்படிச் சமைப்பது

தருமபுரிப் பக்கம் நமக்குப் பழக்கம் ஒகேனக்கல் மீன்தான், கடல் மட்டியெல்லாம் அபூர்வம். வெளிநாட்டுக்குப் போன நம்ம பிள்ளைகள் கடையில் ரேசர் கிளாம் என்ற கடல் மட்டியைப் பார்த்தால் முதலில் ஓட்டைக் கவனியுங்கள். ஒல்லியாக, குச்சி மாதிரி நீண்டிருந்தால் பெரும்பாலும் என்சிஸ் இனம். அதில் ‘என்சிஸ் சிலிக்வா’ நேராக இருக்கும், ‘என்சிஸ் என்சிஸ்’ இரண்டு ஓரமும் வளைந்திருக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் கிடைக்கும் பசிபிக் வகை வேறு ஜாதி, அகலமான நீள்வட்டம், பழுப்பாகப் பளபளக்கும் மெல்லிய ஓடு. இதன் குடலை எடுத்துவிட்டு, மாவில் புரட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் ரப்பர்தான். என்சிஸை ஆவியில் வைத்து, ஓடு திறந்ததும் இறக்கிவிடலாம். உயிரோடு வாங்கினால் தொட்டுப் பாருங்கள், அது சதையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், மட்டியில் சேரும் டொமோயிக் அமிலம் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது, அதனால் தடை போட்ட கரையில் தோண்டவே வேண்டாம்.