ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்பும் சிறு தொழிற்கூடம் கார்பன் கணக்கையும் கடனையும் கையாளும் முறை

ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்துள்ள 'சிபாம்' எனப்படும் கார்பன் எல்லைச் சீரமைப்பு முறை, 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறையில் இருக்கிறது. எஃகுப் பொருளின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு ஈடாகச் சான்றிதழ் வாங்க வேண்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் கணக்கைக் கேட்டு அவர் அனுப்பும் மின்னஞ்சல், லூதியானாவிலோ அம்பத்தூரிலோ பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவரிடம்தான் வந்து சேர்கிறது. பெரிய ஆலைகளுக்கு இருக்கும் ஆள்பலம் இல்லாதவர்மீது இந்தச் சுமை விழுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆயினும் பதில் அனுப்பாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

முதலில் ஷிப்பிங் பில்லில் உள்ள எச்.எஸ். குறியீட்டை, அதாவது சரக்கின் வகையைக் காட்டும் சுங்க எண்ணைப் பாருங்கள். போல்ட், நட், திருகாணி அடங்கிய 7318, குழாய் இணைப்புகளுக்கான 7307 ஆகியவை சிபாம் பட்டியலில் உள்ளன. 8413-இல் வரும் பம்புகள் இப்போதைய பட்டியலில் இல்லை. அடுத்து, வாங்குபவர் ஓராண்டில் இறக்குமதி செய்யும் சிபாம் பொருள்களின் மொத்த எடை 50 டன்னைத் தாண்டுகிறதா என்று அவரிடமே எழுதிக் கேளுங்கள். தாண்டாவிட்டால் அவருக்கு விலக்கு உண்டு. இந்த 50 டன் அவருடைய மொத்த இறக்குமதிக்கானது என்பதால், நீங்கள் ஐந்து டன் மட்டுமே அனுப்பினாலும் விலக்கு கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

இனிதான் முக்கியமான வேலை. ஒரு டன் போல்ட்டுக்கு 1,080 கிலோ கம்பிச்சுருள் செலவாகிறது என்றும், அந்த எஃகு ஊது உலையில் உருவாகி டன்னுக்கு 2.3 டன் கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கம்பி வழியாக மட்டும் 2,484 கிலோ சேர்ந்துவிடுகிறது. உங்கள் பதப்படுத்தும் உலையில் 30 லிட்டர் டீசல் எரிந்தால் அதிலிருந்து வருவது ஏறத்தாழ 80 கிலோதான். ஆகவே கணக்கைக் கம்பி வாங்கும் இடத்திலேயே தொடங்குங்கள். சுருளில் கட்டியிருக்கும் தகரச் சீட்டின் ஹீட் நம்பரை (ஒரே உருக்கில் வந்த எஃகுத் தொகுதியின் எண்) ஆலைச் சோதனைச் சான்றிதழுடன் ஒப்பிட்டு, எந்த ஹீட் எந்த இன்வாய்ஸில் சென்றது என்று ஒரு பேரேட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். வியாபாரியிடம் வாங்குபவர்கள், அவர் மூலமாக ஆலையின் உமிழ்வுக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் உறுதிசெய்த உண்மைக் கணக்கு இல்லாவிட்டால், ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்த இயல்பு மதிப்பையே இறக்குமதியாளர் பயன்படுத்துவார். அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை ஆலையின் கம்பிக்குப் பொதுவாகக் கார்பன் குறைவு; அது, வாங்குபவர் கேட்கும் தரத்தில் கிடைக்குமானால், விலை சற்றுக் கூடினாலும் அதைப் பரிசீலிப்பது நல்லது.

கடனைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எஃகுப் பொருள்களுக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கில் வருவதால், அதாவது பயன்படுத்தும் மின்சாரத்தின் கார்பன் சேராததால், கூரையில் சோலார் அமைத்தால் மின்கட்டணம் குறையுமே தவிர சிபாம் எண் குறையாது. அதை எதிர்பார்த்து யாரும் கடன் வாங்க வேண்டாம். உலையை மாற்றுவதற்கும், கம்ப்ரஸர், மோட்டார்களைப் புதுப்பிப்பதற்கும் எரிசக்திச் செலவே போதுமான காரணம். இதற்கு உதவவே எரிசக்தித் திறன் செயலகத்தின் 'அடிட்டி' திட்டம் 2025 ஜூலையில் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் உண்டு. சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியிலும் விசாரியுங்கள். ஜப்பானின் ஜைக்கா, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ போன்ற அமைப்புகள் தந்த நிதியைச் சிறு தொழில்களின் எரிசக்திச் சேமிப்புக்குக் கடனாக வழங்கிய நீண்ட அனுபவம் அதற்கு இருக்கிறது. ஈடாகச் சொத்து இல்லாதவர்கள், சிறு தொழில் கடன்களுக்குப் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ நிதியத்தின் உத்தரவாதத்தின் கீழ் கடன் தர இயலுமா என்று வங்கி மேலாளரிடம் கேட்கலாம். அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய்.

அடிட்டி விண்ணப்பத்துக்கு உத்யம் பதிவும் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) எரிசக்தித் தணிக்கை அறிக்கையும் தேவைப்படும். பழைய உலையைக் கழற்றுவதற்கு முன், குறைந்தது சில மாதங்களுக்காவது எரிபொருள், மின்சாரம், உற்பத்தி எடை மூன்றையும் நாள்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சேமிப்பை மெய்ப்பிக்க அந்தப் பழைய அளவு வேண்டும். உலை போன பிறகு அதை எடுக்க வழியில்லை.