வெளிச்சவீட்டு உச்சியில் காலம் எவ்வளவு முந்தும்? நீங்களே கணக்குப் போடலாம்

ஈர்ப்பு மையத்துக்குக் கிட்டப் போகப் போகக் காலம் மெதுவாக ஓடும். உயரப் போனால் வேகமாக ஓடும். 1907இல் ஐன்ஸ்டைன் கண்டுகொண்ட விசயம் இது. இதைக் கணக்கிட்டுப் பார்க்கக் கருந்துளை வரை போக வேண்டாம். மட்டக்களப்பு முகத்துவாரத்து வெளிச்சவீடே போதும்: 1913இல் கட்டப்பட்டது, உயரம் 28 மீற்றர். ஒரு தாளும் கல்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஊசல் கடிகாரத்தை மறந்துவிடுங்கள்

அநேகமாக எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ஊசலை ஆட்டுவதே ஈர்ப்பு. உச்சியில் ஈர்ப்பு ஒரு துளி குறைவதால், அங்கே கொண்டுபோய் மாட்டிய ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.38 செக்கன் பிந்தும். நாம் தேடுவதோ முந்துவதை! பிந்துவது ஊசலின் குணம், காலத்தின் குணம் அல்ல. அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று என இரண்டு அணுக்கடிகாரங்கள் (ஊசலுக்குப் பதில் அணுக்களின் அதிர்வை எண்ணி நேரம் காட்டுபவை) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெருக்குங்கள்

நம் பகுதியில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.78. அதை உயரத்தால் பெருக்கினால் 9.78 × 28 = 273.8.

படி 3: ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுங்கள்

ஒளி செக்கனுக்கு 30 கோடி மீற்றர் போகும். அதன் வர்க்கம், 9க்குப் பின்னால் 16 பூச்சியங்கள். வகுத்ததும் திரையில் 3.04 என்றும், ஓரத்தில் சின்னதாக -15 என்றும் வரும். இதைப் பார்த்துவிட்டு என் மருமகள், "மாமா, காலம் பின்னுக்குப் போகுதா?" என்று கேட்டாள். இல்லை. தசமப் புள்ளிக்குப் பின் 14 பூச்சியங்கள் போட்டு, அதற்குப் பிறகு 304 எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு செக்கனிலும் உச்சிக் கடிகாரம் முந்துவது அந்தளவு.

படி 4: வருடக் கணக்கு

வருடத்துக்கு ஏறக்குறைய 3.16 கோடி செக்கன். பெருக்கினால் 96 நனோ செக்கன் (நனோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). உச்சியிலேயே 80 வருடம் குடியிருந்தாலும் கீழே இருப்பவரைவிட 7.7 மைக்ரோ செக்கன்தான் (மைக்ரோ என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) கூடுதலாக மூப்படைவீர்கள். படியேறும் களைப்பு அதைவிட அதிகம்.

படி 5: விடை சரியா?

நம் வெளிச்சவீட்டைவிடக் குட்டையான கோபுரத்திலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா இருவரும் 22.5 மீற்றர் உயரத்தில் இரும்பு-57இன் காமா கதிர்களை அனுப்பி, அவற்றின் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) மாறுவதை அளந்து 1960இல் வெளியிட்டார்கள். இதே சூத்திரத்தில் 28க்குப் பதில் 22.5 போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 2.45 வரும், அதே -15உடன். அவர்கள் அளந்ததும் பத்து வீதப் பிழைக்குள் இதனோடு ஒத்துப்போனது.

படி 6: ஜிபிஎஸ்ஸுக்குப் போங்கள்

ஜிபிஎஸ் செய்மதிகள் சுற்றும் 20,200 கிலோமீற்றர் உயரத்துக்கு இந்தச் சின்னச் சூத்திரம் செல்லாது. அங்கே ஈர்ப்பே வெகுவாகக் குறைந்துவிடும். விடையை மட்டும் தருகிறேன். ஈர்ப்புக் குறைவால் செய்மதிக் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ செக்கன் முந்தும், அதன் வேகத்தால் 7 பிந்தும், மிச்சம் 38. ஒரு மைக்ரோ செக்கனில் ஒளி 300 மீற்றர் போய்விடும். 38ஐ 300ஆல் பெருக்குங்கள். திருத்தாமல் விட்டால், வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகின் கருவியில் ஒரே நாளில் சேரும் தூரப் பிசகு 11 கிலோமீற்றருக்கும் மேல்.