கிளாரினெட் கீ ஸ்பிரிங் உடைந்தால்: வெளிநாட்டிலிருந்து நெல்லைக்குப் போகிறவர்களுக்கு

என் சித்தப்பா பாளையங்கோட்டையில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். அவர் காலமான பிறகு அந்தப் பெட்டி எனக்கு வந்தது. ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தால், விரலால் அமுக்கும் உலோக வளையக் கீ ஒன்று அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. அடியில் அதை மேலே திரும்பத் தள்ளும் ஊசி ஸ்பிரிங், ஊசி மாதிரி மெல்லிய கம்பி, முறிந்துபோயிருந்தது. சரி, டவுனுக்குப் போனால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் அலைந்தேன்.

உறவுக்காரர்கள் முதலில் கைகாட்டுவது நாதஸ்வரக்காரர்களைத்தான். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த சீமை அல்லவா, அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நாதஸ்வரத்தில் கீயே கிடையாது. அங்கே தேய்ந்து மாற்ற வேண்டியது வாயில் வைத்து ஊதும் சீவாளி. அது நாணலில் செய்வது, திருவாவடுதுறைப் பக்கமிருந்து வருவது. ஸ்பிரிங் விஷயத்தில் அவர்கள் உங்களுக்கு ஒரு காபி மட்டும் தரமுடியும்.

பேக்பைப், அதாவது பையில் காற்றை அடைத்து வாசிக்கும் கருவி, கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டாளத்து பேண்டுகளில் பார்க்கும் ஹைலேண்ட் பைப்பில் கீ இல்லை, ஆகவே ஸ்பிரிங் கவலையும் இல்லை. கீ உள்ளவை நார்தம்பிரியன் ஸ்மால்பைப், அயர்லாந்தின் இல்லியன் பைப் போன்றவை. நார்தம்பிரியனில் 7 கீ முதல் 17 கீ வரை இருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்: கீயின் அடியில் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய உலோகத் தகடு. கிளாரினெட்டில் பட்டையும் உண்டு, ஊசியும் உண்டு. இரண்டில் எது உடைந்தது என்று பார்த்துவிட்டுப் பிறகு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

ஜங்ஷனிலும் டவுனிலும் நான் ஏறி இறங்கிய இசைக்கருவிக் கடைகளில் ஹார்மோனியம், கிடார் கம்பி, மிருதங்க வார் எல்லாம் இருந்தது. கிளாரினெட் ஸ்பிரிங் இல்லை. ஒரு கடையில் "வச்சிட்டுப் போங்க, பாத்துத் தாறோம்" என்றார்கள். மறுநாள் போனால், முறிந்த துண்டை எடுப்பதாகச் சொல்லி ஸ்பிரிங் நிற்கும் சின்னத் தூணைத் துளைபோட்டுக் கோணலாக்கி வைத்திருந்தார்கள். அதனால் சொல்கிறேன், டிரில் என்று யாராவது வாயெடுத்தால் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். முறிந்த துண்டைக் குறடால் மெல்ல நெருக்கி, அது செருகப்பட்ட பக்கமாகவே பின்னோக்கித் தள்ளி எடுக்க வேண்டும்.

கடைசியில் வேலையை முடித்தவர் நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் நகை ஆசாரி. "இது நம்ம வேலை இல்லியே தம்பி" என்று தொடங்கியவர், ஸ்பிரிங்கைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் தையல் ஊசி பாக்கெட் ஒன்று வாங்கிவரச் சொன்னார். பழைய துண்டின் தடிமனோடு ஒப்பிட்டு ஒரு ஊசியைத் தேர்ந்து, காதுப் பகுதியை நறுக்கினார். ஊசி இரும்பு கடினம், அப்படியே போட்டால் வளைக்கும்போதே முறியும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது நீல நிறத்துக்கு வரும், அங்கே நிறுத்தினால்தான் வளையும், திரும்பியும் வரும். அவருக்கு வெப்பமானி எதற்கு? ஊதுகுழலை வாயில் வைத்து, நிறம் மாறும் நொடியில் தீயை விலக்கிவிட்டார். தடித்த முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி லேசாகத் தட்டித் தட்டையாக்கினார். கூர்முனையைத் துளையில் நுழைத்து இழுத்தால் அந்தத் தட்டை முனை இறுகி நின்றுவிடும். தீ வேலை எல்லாம் கருவியை விட்டுத் தள்ளித்தான் நடக்க வேண்டும். மரமோ எபோனைட் என்ற கடின ரப்பரோ சூடு தாங்காது.

பட்டை ஸ்பிரிங் என்றால் இவ்வளவு எளிதில்லை. பாஸ்பர் வெண்கலத் தகடு வேண்டும். ஆசாரியிடம் கேட்டால் சாதாரணப் பித்தளையைத் தட்டித் தருவார், கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும், ஊர் திரும்பும்வரை தாங்கினாலே பெரிது. ஆகவே வெளிநாட்டிலிருந்தே வெவ்வேறு அளவில் ஒரு டஜன் ஸ்பிரிங்கும் ஒரு தகட்டுத் துண்டும் வாங்கி வாருங்கள். கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள். இந்தியத் தயாரிப்புக் கருவி என்றால் மீரட்டில் பேண்டு கருவித் தொழில் பெரிது, உதிரிபாகம் அங்கிருந்து வரவழைக்கலாம். அதற்கு நாளாகும், ரெண்டு வார லீவில் நடக்காது.

பேண்டு செட் ஆட்களைப் பார்க்க ஆடியே நல்லது. முகூர்த்தம் கிடையாது, வீட்டில் இருப்பார்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் பாளையில் கிறிஸ்மஸ் வந்துவிடும், பிடிக்க முடியாது. அவர்களுடைய சொந்த வைத்தியம் ஒன்றும் உண்டு: ஸ்பிரிங் போன கீயில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு ஊர்வலம் முழுக்க வாசித்துவிடுவார்கள். சித்தப்பாவின் பெட்டியில் மூலையில் கிடந்த ரப்பர் பேண்டுகள் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.