விரைக் கட்டி மார்க்கர்கள்: புரதத்தைப் பிடித்துவிட்டு சர்க்கரையைக் கோட்டைவிடாதீர்கள்

போடோகேலிக்சின் என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதைப் பிடித்து நிறம் காட்டும் ஆன்டிபாடியை ஒரு சிறுநீரக ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் ஒவ்வொன்றும் பளிச்சென்று பழுப்பாகும். பக்கத்து ரத்தக்குழாய்களின் உட்சுவரும் கூடவே பழுப்பாகும். அங்கே கட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் விரையில் வரும் எம்பிரியோனல் கார்சினோமா என்ற புற்றுநோயின் பேர்போன மார்க்கரான, அதாவது அடையாளமான, டிஆர்ஏ-1-60 என்ற சர்க்கரைச் சங்கிலி உட்கார்ந்திருப்பதும் இதே போடோகேலிக்சின் மேல்தான். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிப் போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

புரதம் புடவை என்றால் சர்க்கரை அதன் கரை. பீட்டர் ஆண்ட்ரூஸும் உடன் பணியாற்றியவர்களும் 2102இபி என்ற மனித எம்பிரியோனல் கார்சினோமா செல்களைக் கொண்டு டிஆர்ஏ-1-60 ஆன்டிபாடியை உருவாக்கி 1984-ல் வெளியிட்டார்கள். அது பார்ப்பது புடவையை அல்ல, கரையைத்தான். போடோகேலிக்சின் உடம்பில் பல இடங்களில் உண்டு. அதன் மேல் எந்தச் சர்க்கரைச் சங்கிலி ஏறுகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். குளோமெருலஸில் ஏறுவது ஒரு கரை, எம்பிரியோனல் கார்சினோமாவில் ஏறுவது வேறு கரை. அதனால் ஒரு செல்லில் போடோகேலிக்சின் இருக்கிறது என்பதை வைத்து அங்கே டிஆர்ஏ-1-60 இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. போடோகேலிக்சின் மரபணுவின் அளவைப் பார்த்து முடிவு கட்டுவதும் இதே தவறுதான். சர்க்கரையைக் கோர்ப்பது வேறு நொதிகளின் வேலை.

பெயர் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. போடோகேலிக்சின் வேறு, போடோபிளானின் வேறு. டி2-40 ஆன்டிபாடி பிடிப்பது போடோபிளானினை. அது செமினோமா என்ற இன்னொரு வகை விரைப் புற்றுநோயில் செல் சவ்வு முழுக்க அழுத்தமாக, செல்லைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டதுபோல் வரும். எம்பிரியோனல் கார்சினோமாவில் வந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அவசரத்தில் ரிப்போர்ட் எழுதும்போது "போடோ" வரை சரியாக வந்துவிட்டு மீதி மாறிப்போனால் அர்த்தமே மாறிவிடும்.

அடுத்து, எம்பிரியோனல் கார்சினோமாவின் வேறு இரண்டு மேற்பரப்பு மார்க்கர்களான எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4. இவற்றையும் டிஆர்ஏவோடு சேர்த்து சர்க்கரை-புரதம் என்றே பலர் எழுதுகிறார்கள். இவை முக்கியமாகச் சர்க்கரை-கொழுப்புகள். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. திசுவை மெழுகில் பதித்து பாரஃபின் பிளாக் செய்யும்போது அது ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறுகிறது, அதில் கொழுப்பு கரைந்து போகிறது. அந்த பிளாக்கில் நிறம் வரவில்லை என்பதால் கட்டியிலேயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. வளர்ப்புச் செல்களில் உள்ளே இருக்கும் புரதத்தையும் சேர்த்துப் பார்க்க டிடர்ஜென்ட் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். மேற்பரப்பு மார்க்கரை முதலில் பார்த்துவிடுங்கள், அப்புறம் டிடர்ஜென்ட்.

சுண்டெலியில் படித்ததை மனிதனுக்கு அப்படியே மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. எஸ்எஸ்இஏ-1 ஆன்டிபாடி 1978-ல் சுண்டெலியின் எஃப்9 டெரட்டோகார்சினோமா செல்களைக் கொண்டு வந்தது. சுண்டெலி எம்பிரியோனல் கார்சினோமாவில் எஸ்எஸ்இஏ-1 உண்டு, 3-ம் 4-ம் இல்லை. மனிதனில் நேர் எதிர். இங்கே எஸ்எஸ்இஏ-1 தலைகாட்டினால், செல் வேறு வகையாக மாறத் தொடங்கிவிட்டதோ என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

ஒற்றை மார்க்கரை நம்பி கட்டிக்குப் பெயர் வைப்பதும் ஆபத்து. சிடி30 என்ற புரத மார்க்கர் எம்பிரியோனல் கார்சினோமாவில் சவ்வில் நன்றாக வரும், செமினோமாவில் பொதுவாக வராது. சரி. ஆனால் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் அது வரும். தவிர, கீமோவுக்குப் பிறகு மிச்சமிருக்கும் எம்பிரியோனல் கார்சினோமாவில் சிடி30 காணாமல் போகலாம். அங்கே உட்கருவில் வரும் ஓசிடி3/4 என்ற மார்க்கர் கைகொடுக்கும். செமினோமாவுக்கு கிட் (KIT) என்ற மார்க்கரின் சாயம் போடும்போது, கட்டிக்கு நடுவே சிதறிக் கிடக்கும், கிட் இயல்பாகவே உள்ள மாஸ்ட் செல்களைப் பாருங்கள். அவையே பழுப்பாகவில்லை என்றால் கட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள், சாயம்தான் வேலை செய்யவில்லை. டி2-40-க்கு, அது இயல்பாகவே பிடிக்கும் நிணநீர்க் குழாய்கள் இதே உதவியைச் செய்யும்.

ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஃப்பி, ஹெச்சிஜி என்ற கட்டி மார்க்கர்களும்கூடச் சர்க்கரை-புரதங்கள்தான், ஆனால் செல் வெளியே விடுபவை. விரையை அகற்றும் அறுவைக்கு முன் இவற்றுக்கு ரத்தம் எடுக்காமல் விட்டால், பிறகு வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஸ்லைடில் சுத்தமான செமினோமா என்று தெரிந்தும், கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணம் இல்லாமல் ஏஎஃப்பி தெளிவாக உயர்ந்திருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. செமினோமா ஏஎஃப்பியைச் சுரப்பதில்லை. எங்கேயோ ஏஎஃப்பியைச் சுரக்கும் யோக் சாக் வகைக் கட்டிப் பகுதி ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, செமினோமா அல்லாத கட்டியாகவே சிகிச்சை தருவார்கள்.

அறுவைக்குப் பிறகு இந்த எண் இறங்கும் வேகத்தைத் தவறாகப் படித்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஹெச்சிஜி ஒன்றரை நாளுக்குள் பாதியாகும். ஏஎஃப்பி பாதியாக 5 முதல் 7 நாள் ஆகும். அறுவைக்கு முன் ஏஎஃப்பி 1000 இருந்தவருக்கு மூன்று வாரம் கழித்து 125 என்று வந்தால், 7 நாள் கணக்குப்படி அது சரியான பாதையில்தான் இறங்குகிறது. அதே நாளில் 400 என்று வந்திருந்தால்தான் மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.