எடை வேறு, வாரம் வேறு: குறைமாதக் குழந்தை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குறைமாதக் குழந்தைகளைப் பற்றி ஒரு முதுநிலை மாணவி எழுதியிருந்த ஆய்வுத் தாள்களைப் போன வாரம் புரட்டினேன். மூன்றாவது பக்கத்திலேயே என் பழைய தவறு சட்டமாக உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழை, எக்ஸெலில் கட்டம் மாறுவது போன்றவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடையைப் பார்த்துக் குறைமாதம் என்று முடிவுகட்டுவது

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், படிவம் நிரப்பும்போது மறந்துவிடுவார்கள். கடைசி மாதவிலக்குத் தேதி தாய்க்கு நினைவில்லை; முதல் ஸ்கேனே எட்டாம் மாதத்தில்தான்; தராசு மட்டும் கையருகே இருக்கிறது. வளரும் நாடுகளில் பல மருத்துவமனைகளின் நிலைமை இதுதான்.

நீரிழிவு சேர்ந்தால் இந்தக் குறுக்குவழி நம்மைக் கவிழ்த்துவிடும். தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது குழந்தைக்கும் போகும். குழந்தை இன்சுலினை அதிகமாகச் சுரந்து கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். என் முதல் ஆய்வில் அப்படி ஒரு குழந்தை: 2,900 கிராம், கொழுகொழு கன்னம். ‘நிறைமாதம்’ என்று டிக் அடித்தேன். இரண்டு மணி நேரத்தில் முனக ஆரம்பித்தது, மூக்கு விடைத்தது, மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போனது. அப்புறம்தான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே ஒரே ஒரு ரேகை, மீதி வழவழப்பு. பையின் அடியிலிருந்து பாட்டி எடுத்துக்கொடுத்த மூன்றாம் மாத ஸ்கேன் சீட்டைக் கணக்குப் போட்டால் 34 வாரம். அதே நேரத்தில், 1,900 கிராம் எடையுள்ள நிறைமாதக் குழந்தை ஒன்று என் குறைமாதப் பட்டியலில் படுத்திருந்தது. ஆறு மாதத் தரவைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் இல்லாதவற்றைத் தூக்கிப்போட்டேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பெரிய ஆய்வுகளும் இதில் தடுக்கியிருக்கின்றன. குறைப்பிரசவ அபாயமுள்ள தாய்மாருக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி ஆறு நாடுகளில் நடந்த ‘ஆக்ட்’ ஆய்வு 2014இல் வெளியானது. வாரக்கணக்கு நம்பகமாக இல்லாததால், எடையில் மிகக் கீழே இருந்த 5 சதவீதக் குழந்தைகளையே குறைமாதத்துக்கு ஈடாக வைத்தார்கள். அவர்களிடம் பலன் தெரியவில்லை. மொத்தத்தில் சிசு மரணம் கூடவும் செய்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆக்‌ஷன்’ ஆய்வு, ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் ஸ்கேனால் வாரத்தை உறுதிசெய்துகொண்டு ஊசி போட்டது. மரணம் குறைந்தது. அங்கே வசதிகளும் மேல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் யாருக்கு ஊசி போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பல்லார்ட் மதிப்பெண் போடுங்கள்; பிறந்த குழந்தையின் தோல், பாத ரேகை, தசை விறைப்பு போன்றவற்றைப் பார்த்து வாரத்தைக் கணிக்கும் முறை அது. இந்தக் கணிப்பு இரண்டு வாரம் முன்பின் போகும் என்பதையும் எழுதுங்கள். எந்த வழியில் கணித்தீர்கள் என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும்.

ரத்த மாதிரியை மேசையில் காத்திருக்க வைப்பது

சர்க்கரை அளவு பார்க்க எடுத்த டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணு அதிகம் என்பதால் இன்னும் வேகம். காலை 8 மணிக்கு எடுத்த டியூப்கள் 11 மணிக்கு ஆய்வகம் போனால் வார்டு முழுக்கத் தாழ் சர்க்கரை என்றுதான் முடிவு வரும். குளுக்கோஸ் குறைவதைத் தடுக்க ரசாயனம் சேர்த்த ஃப்ளோரைடு டியூபும் முதல் ஒரு மணி நேரம் முழுதாகக் காப்பாற்றாது. ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள்.

பாதியில் வரையறையை மாற்றுவது

தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு என்று சொல்ல, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 (மி.கி./டெ.லி.) என்பது ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 கணக்கில் வெறும்வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதுதான்.

எத்திக்ஸ் அனுமதியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது

முடியாது.

சொல்லாமல் கிளம்பியவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது

செலவுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டால் பிழைத்தவர் விகிதம் காகிதத்தில் அழகாகத் தெரியும். 28ஆம் நாள் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க, சேர்க்கும்போதே இரண்டு போன் எண்கள் வாங்குங்கள். முதல் எண் பெரும்பாலும் அப்பாவுடையது, அவர் வேலைக்குப் போயிருப்பார். மாணவியின் பட்டியலில் 11 பெயர்களுக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்றிருந்தது. நேற்று மதியத்திலிருந்து அவர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.