வெளிநாட்டில் போன் பில் ஏறாமல் வைஃபையில் பேசுவது எப்படி

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்ததும் பெரிய பில் வந்து நிற்கும்போது, “நான் அங்கே பேசவே இல்லையே” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. விமானம் தரை தொட்டதும் சிம் உள்ளூர் டவர் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. போட்டோ பேக்கப் ஓடுகிறது, ஆப்கள் அப்டேட் ஆகின்றன, வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோ தானாக இறங்குகிறது. ஊரிலிருந்து யாரோ கூப்பிட, எடுத்து “அப்புறம் பேசறேன்” என்று சொன்னாலும் அதற்கு ஒரு நிமிடக் கட்டணம். ப்ரீபெய்டாக இருந்தால் பாலன்ஸோடு போகும். போஸ்ட்பெய்டில் பில்லாக வரும். அதனால் வைஃபையில் பேசுவதற்கு முன்னால் சிம்மைக் கட்டிப்போட வேண்டும்.

இங்கே இந்திய சிம்மோடு துபாய், சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களுக்கு ஓரிரு வாரம் போகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கிளம்பும் முன், ஊரிலேயே

முதலில் டேட்டா ரோமிங்கை, அதாவது வெளிநாட்டு டவரில் டேட்டா ஓட விடும் வசதியை, அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் (சில போன்களில் கனெக்‌ஷன்ஸ்) என்பதற்குள் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க்கைத் திறந்தால் ரோமிங் சுவிட்ச் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் டேட்டா, மொபைல் டேட்டா ஆப்ஷன்ஸ், டேட்டா ரோமிங். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றை அணைத்தால் மற்றதும் அணையாது.

அடுத்தது கால் ஃபார்வர்டிங். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, ஆனால் இதில் பணம் போகும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. “எடுக்காவிட்டால் இன்னொரு எண்ணுக்குத் திருப்பு” என்று உங்கள் போனில் எப்போதோ போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும்போது மதுரையிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. அது சிங்கப்பூர் வரை வந்து உங்கள் போனில் மணி அடிக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை. உடனே அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்குத் திருப்பப்படுகிறது. வந்தது ஒரு ரோமிங் கால், திரும்பிப் போனது ஒரு வெளிநாட்டு கால் என்று இரண்டு கணக்கு விழ வாய்ப்பு உண்டு. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் இதுதான். போன் அணைந்திருந்தால் அழைப்பு நாட்டை விட்டு வெளியே வராமலே திருப்பப்படும், அதனால் அந்தச் செலவு இல்லை. மணி அடித்து எடுக்காமல் விடுவதும், பிஸியாக இருப்பதும்தான் ஆபத்து.

*#61# என்று டயல் செய்தால் எடுக்காதபோது எங்கே திருப்பப்படுகிறது என்று தெரியும். பிஸிக்கு *#67#. எல்லாத் திருப்பல்களையும் ஒரேயடியாக நீக்க ##002#. கோடு வேலை செய்யாவிட்டால் போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் என்ற இடத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். இதை ஊர் நெட்வொர்க்கில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை வெளிநாட்டில் இருக்கும்போது அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். புதிதாகப் பதிவு செய்ய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும். வெளிநாட்டில் சிம் அணைந்திருக்கும்போது அது கிடைக்காமல் மாட்டிக்கொள்வீர்கள். இந்திய சிம்மை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். பதிவு செய்த சிம் போனிலேயே இருந்தால்தான் மெசேஜ் ஆப்கள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் ஆப் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவு இல்லாவிட்டாலும் பேங்க் ஓடிபிக்கு அந்த சிம் வேண்டும்.

கடைசியாக ஓர் ஒத்திகை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டிலேயே ஃப்ளைட் மோட் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து, ஒரு மாலை முழுக்க அப்படியே இருங்கள். அம்மா, அப்பா, அலுவலகம் என்று நீங்கள் பேச வேண்டிய எல்லோரும் உங்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்கிரீன் அணைந்திருக்கும்போதும் மணி அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பேட்டரி என்பதை ‘அன்ரிஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கோளாறை வெளிநாட்டு ஓட்டல் அறையில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் யார் கூப்பிட்டார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

இறங்கிய பிறகு

விமானத்தில் போட்ட ஃப்ளைட் மோடை எடுக்கவே வேண்டாம். அதே நிலையில் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். விமானத்துக்குள்ளும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் தனி மொபைல் நெட்வொர்க் இருக்கலாம். சாதாரண ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் சேராது, கட்டணமும் மிக அதிகம். எல்லை ஊர்களிலும் இதே கவனம் தேவை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் நின்றால் சிங்கப்பூர் டவரும், எதிர்க்கரையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நின்றால் மலேசிய டவரும் பிடிக்கக்கூடும். ஒரு நாட்டுக்கு மட்டும் பேக் போட்டவருக்கு மறுகரை டவர் செலவு வைக்கும்.

விமான நிலைய வைஃபை, ஓட்டல் வைஃபை பெரும்பாலும் ஒரு லாகின் பக்கத்தைக் காட்டிய பிறகுதான் இணையம் தரும். ‘கனெக்டட்’ என்று காட்டியும் எதுவும் திறக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் வராமல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்ற முகவரியைத் திறந்து பாருங்கள். அது பூட்டு இல்லாத பக்கம் என்பதால் லாகின் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். அப்போதும் வரவில்லை என்றால் விபிஎன் (இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்), பிரைவேட் டிஎன்எஸ் (போனின் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கும்) இரண்டையும் சற்று நேரம் அணையுங்கள். வைஃபையின் சரியான பெயரை ஓட்டல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஹாட்ஸ்பாட் திறந்து வைக்க முடியும். வாட்ஸ்அப் பேச்சு முனைக்கு முனை பூட்டப்பட்டது, நடுவில் கேட்க முடியாது. ஆனால் லாகின் பக்கம் என்ற பெயரில் உங்கள் கார்டு எண்ணையோ மெயில் பாஸ்வேர்டையோ கேட்டால் கொடுக்கக் கூடாது.

குரல் ஏன் உடைகிறது

“வைஃபை நூறு எம்பி வருது, ஆனா கால் வெட்டி வெட்டி வருது” என்ற புகாருக்கு விடை வேகத்தில் இல்லை. பேச்சுக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. குரலை டேட்டாவாக மாற்றும் பழைய ஜி.711 முறையையே எடுத்துக்கொள்வோம். குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, அதாவது நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், முகவரி விவரம் 40 பைட். ஐம்பதை இருநூறால் பெருக்கினால் நொடிக்கு 10,000 பைட், அதாவது ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட். இன்றைய ஆப்கள் பயன்படுத்தும் புதிய முறைகளுக்கு இதைவிடக் குறைவே போதும்.

முக்கியம் என்னவென்றால் அந்த 50 பாக்கெட்டும் சீரான இடைவெளியில் வர வேண்டும். அதே ஓட்டலில் பத்துப் பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று, சிலது தாமதமாகவும் சிலது கும்பலாகவும் வரும். தாமதமாக வந்த துண்டை ஆப் தூக்கி எறிந்துவிடும். அதைத்தான் ‘வெட்டுது’ என்கிறோம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வீர்கள். ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் டவுன்லோடு எண்ணை விட்டுவிட்டு ‘ஜிட்டர்’ என்ற எண்ணைப் பாருங்கள். பாக்கெட் வரும் இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அது காட்டும். 30 மில்லிநொடிக்குக் கீழே இருந்தால் பேசலாம்.

செய்யக்கூடியவை: ரூட்டர் இருக்கும் பக்கம், பெரும்பாலும் நடைவழிக் கதவருகே, வந்து பேசுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிந்தால், பக்கத்தில் இருக்கும்போது 5, சுவர் தாண்டி இருக்கும்போது 2.4. வீடியோவை நிறுத்திக் குரலை மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற சுவிட்ச் உண்டு, அதைப் போடுங்கள். பிரைவசியில் ஐபி முகவரியை மறைக்கும் சுவிட்ச் ஆன் செய்திருந்தால் அழைப்பு முழுக்க நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். தரம் குறைந்தால் அதை அணைத்துப் பாருங்கள்.

மணி அடித்து, எடுத்த பிறகு ‘ரீகனெக்டிங்’ என்றே நின்றால், அல்லது ஒருவர் குரல் மட்டும் கேட்டால், பெரும்பாலும் அந்த ஓட்டலின் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் தடுப்பு அமைப்பு) குரல் பாக்கெட்டுகளைத் தடுக்கிறது. நீங்கள் போனில் எதையும் மாற்றிப் பயனில்லை. வேறு வைஃபைக்கு மாறுங்கள்.

எந்த நாட்டில் எந்த ஆப்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. போட்டிம் அங்கே அனுமதி பெற்ற ஆப். அதை நீங்கள் மட்டும் போட்டுக்கொண்டால் போதாது, ஊரில் இருப்பவர் போனிலும் போட்டு ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ‘விபிஎன் போட்டால் வாட்ஸ்அப் வரும்’ என்று சொல்வார்கள். குற்றச் செயலுக்கோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்துவோருக்கு அங்குள்ள 2021 ஆம் ஆண்டின் சட்டம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் வைத்திருக்கிறது. ஒரு வாரப் பயணத்தில் ஓர் அழைப்புக்காக அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சீனாவில் வாட்ஸ்அப்பே கிடையாது. அங்கே எல்லோரும் வைத்திருக்கும் வீசாட்டோ 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதனால் சீன வைஃபையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவது நடக்காது. இந்த ஒரு இடத்தில் ரோமிங் டேட்டா பேக் வாங்குவதே சரி. ரோமிங் டேட்டா பெரும்பாலும் உங்கள் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும்.

ஊரில் இருப்பவரிடம் பட்டன் போன் அல்லது லேண்ட்லைன் மட்டும் இருந்தால் வைபர் அவுட் போன்ற, காசு கட்டி சாதாரண எண்ணுக்குப் பேசும் சேவை வேண்டும். ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்தால் நம்பாதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து +91 எண் போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு இந்தியாவில் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆப் வழியாக உங்கள் இந்திய எண்ணைக் காட்டிக் கூப்பிட்டால் அழைப்பு போய்ச் சேராமல் போகலாம், அல்லது வெளிநாட்டு எண்ணாகத் தெரியலாம். “தெரியாத நம்பர் வந்தா எடுங்க, நான்தான்” என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

வைஃபை காலிங் வேறு, வாட்ஸ்அப் கால் வேறு

போன் செட்டிங்ஸில் இருக்கும் ‘வைஃபை காலிங்’ உங்கள் சிம் நிறுவனத்தின் சேவை. சொந்த எண்ணிலேயே பேசலாம், எதிராளியிடம் எந்த ஆப்பும் வேண்டாம். ஆனால் வைஃபையில் போகிறது என்பதால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டு வைஃபையில் இருந்து பேசுவதை ஒரு நிறுவனம் உள்ளூர் கட்டணமாகக் கணக்கிடும், இன்னொன்று ரோமிங் பேக் கேட்கும், இன்னொன்று அனுமதிக்கவே அனுமதிக்காது. கஸ்டமர் கேரில் எழுத்தில், சாட் வழியாக, மூன்று கேள்வி கேட்டு வையுங்கள்: வெளிநாட்டு வைஃபையில் வரும் அழைப்புக்கு என்ன கட்டணம், இந்தியாவுக்குப் பேசினால் என்ன, அந்த நாட்டு உள்ளூர் எண்ணுக்குப் பேசினால் என்ன. மூன்றாவதை நிறையப் பேர் கேட்பதில்லை. உங்கள் சிம்மைப் பொறுத்தவரை சிங்கப்பூர் டாக்சிக்காரரைக் கூப்பிடுவது இந்தியாவிலிருந்து வெளிநாட்டு எண்ணைக் கூப்பிடுவது மாதிரிதான். வைஃபை காலிங் பயன்படுத்தும்போதும் ஃப்ளைட் மோட் இருக்கட்டும். இல்லையென்றால் வைஃபை பலவீனமாகும்போது பேச்சு நடுவிலேயே உள்ளூர் டவருக்குத் தாவக்கூடும்.

ஓடிபியும் அவசர அழைப்பும்

ஃப்ளைட் மோடில் பேங்க் ஓடிபி பெரும்பாலும் வராது. அதற்காகச் சில நிமிடம் சிம்மை எழுப்பத்தான் வேண்டும். ரோமிங் சேவை அந்த எண்ணில் இயங்கும்படி ஊரிலேயே செய்து வைத்து, டேட்டா ரோமிங் அணைந்திருப்பதை இன்னொரு முறை பார்த்து, ஃப்ளைட் மோடை எடுங்கள். எஸ்எம்எஸ் வரும் வரை வருகிற அழைப்பை எடுக்காதீர்கள். வந்ததும் பழையபடி மூடிவிடுங்கள். அடிக்கடி ஓடிபி வேண்டியவர்கள் உள்ளூர் டேட்டா இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) ஒன்று போட்டு, இந்திய சிம்மை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் விழித்திருக்க வைக்கலாம். அப்போது ஐபோனில் ‘அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்’, ஆண்ட்ராய்டில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்’ இரண்டும் அணைந்திருக்க வேண்டும். புது சிம்மைப் பார்த்து வாட்ஸ்அப் ‘எண்ணை மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பிலிருந்து போலீசையோ ஆம்புலன்சையோ கூப்பிட முடியாது. அவசரம் என்றால் செலவைப் பார்க்காமல் ஃப்ளைட் மோடை எடுத்து நேரே டயல் செய்யுங்கள். சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. மலேசியாவில் 999. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. போகிற நாட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், கூடவே தங்கும் இடத்தின் முகவரியையும்.

ஊர் திரும்பியதும் ஃப்ளைட் மோடை எடுத்து, நீக்கிய கால் ஃபார்வர்டிங்கைத் தேவையென்றால் மறுபடி போடுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் அடுத்து வரும் பில்லோடு அதற்கடுத்த பில்லையும் பாருங்கள். ரோமிங் கணக்கு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து தாமதமாக வந்து சேருவதுண்டு. தவறான தொகை இருந்தால் கஸ்டமர் கேர் சாட்டில் வாங்கி வைத்த பதிலின் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுக்கலாம்.