குழந்தை அசையுதா, இல்லையா? பயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கவனிப்பது எப்படி

பகலெல்லாம் வேலையில் ஓடிவிடும். ராத்திரி படுத்ததும்தான் தோன்றும்: "இன்னைக்கு எப்போ அசைஞ்சுது?" ஞாபகம் வராது. கை தானாக வயிற்றுக்குப் போகும். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாவிட்டால் போதும், தூக்கம் போச்சு.

இப்படி இருப்பவரிடம் "ஒண்ணும் ஆகாது, பேசாம தூங்கு" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பயம் அடங்காது, சில சமயம் கவனிக்க வேண்டியதையும் கவனிக்க விடாது. எதைக் கண்டால் போன் செய்வது, எதைக் கண்டால் விட்டுவிடுவது என்று தெளிவாக இருக்கும் நேரத்திலேயே முடிவு செய்து வைத்துக்கொள்வதுதான் உதவும்.

படி 1: எத்தனையாவது வாரம் என்று பாருங்கள்

பெரும்பாலானவர்களுக்கு அசைவு 16 முதல் 24 வாரங்களுக்குள் தெரிய ஆரம்பிக்கும். முதல் குழந்தை என்றால் 20 வாரம் தாண்டியும் ஆகலாம். ஆரம்பத்தில் உதை மாதிரி இருக்காது. உள்ளே ஏதோ படபடப்பது போலவோ, குமிழி விடுவது போலவோ இருக்கும். வாயு என்று நினைத்துவிடுவது சகஜம். இந்தச் சமயத்தில் ஒரு நாள் தெரிந்து மறுநாள் தெரியாமலும் போகும். குழந்தை சின்னது, எல்லா அசைவும் உங்களை எட்டாது.

நச்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் இருந்தால் அது மெத்தை போலத் தடுக்கும். அசைவு தாமதமாகவோ லேசாகவோ தெரியலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இது இருக்கும், டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பின்னாளில் அசைவு குறைந்தால் "நச்சுக்கொடி முன்னாடி இருக்கு, அதான்" என்று நீங்களே காரணம் சொல்லிக்கொள்ள வேண்டாம். 24 வாரம் முடிந்தும் ஒருமுறைகூட அசைவு தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

படி 2: எண்ணிக்கையை விடுங்கள், பழக்கத்தைப் பிடியுங்கள்

"ஒரு நாளைக்கு எத்தனை உதை?" என்று எல்லாரும் கேட்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற கணக்கு என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தை நாள் பூராவும் குதிக்கிறது என்பது உங்களுக்கு எந்த வகையிலும் தகவல் இல்லை. உங்கள் குழந்தை நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் ஒப்பீடு.

குழந்தை உள்ளேயும் தூங்கும். ஒரு தூக்கம் பொதுவாக 20 முதல் 40 நிமிடம். ஆரோக்கியமான குழந்தை 90 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து தூங்குவது அபூர்வம். நாம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருக்கும்போது அசைவு குறைவாகத்தான் உறைக்கும். படுத்தால் அதிகம் தெரியும். சாயங்காலத்திலும் ராத்திரியிலும் பலருக்கு ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

28 வாரத்துக்குள் ஓரளவு ஒரு பழக்கம் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு தினமும் ஒரு வேளை, உங்கள் குழந்தை வழக்கமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில், போனை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கவாட்டில் படுத்துக் கவனியுங்கள். நோட்டில் "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், வலது விலாவுக்குக் கீழே, நல்ல உதை" என்று ஒரே வரி போதும். உதை, புரளல், உருளல், சிலிர்ப்பு எல்லாமே அசைவுதான். விக்கலை மட்டும் சேர்க்காதீர்கள். ஒரே தாளத்தில் டொக் டொக் என்று வருவதால் அது சுலபமாகத் தெரிந்துவிடும்.

படி 3: சந்தேகம் வந்துவிட்டது, இப்போது என்ன?

அசைவு குறைந்திருக்கிறது, நின்றிருக்கிறது அல்லது வழக்கம் மாறியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தால், எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

"வேலையில கவனிக்கல, அதான் தெரியல" என்கிற மாதிரி நிச்சயமில்லாமல் இருந்தால், 28 வாரம் தாண்டியவர்கள் இடது பக்கமாகப் படுத்து அசைவில் மட்டும் கவனம் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தனித்தனியாக 10 அசைவாவது தெரிய வேண்டும். அநேகமாக அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். தெரியவில்லை என்றாலோ, பாதியிலேயே மனசு ஒப்பவில்லை என்றாலோ, போன்தான்.

இந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்:

- ஐஸ் தண்ணீர் குடி, இனிப்பு சாப்பிடு என்பார்கள். அது குழந்தை நலமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. நேரம்தான் போகும்.
- "மாசம் ஏற ஏற இடம் பத்தாது, அசைவு குறையும்" என்பது தவறு. 32 வாரம் வரை கூடும், அப்புறம் அதே அளவில் பிரசவ வலி வரும் வரை தொடரும். அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது.
- குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவி வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. இதயம் துடிப்பதாலேயே குழந்தைக்குச் சிக்கல் இல்லை என்றும் ஆகிவிடாது.

ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விடாத வயிற்றுவலி இவற்றில் எது சேர்ந்தாலும் நேராகக் கிளம்ப வேண்டியதுதான்.

படி 4: போனில் என்ன சொல்வது

நம்பரை இன்றைக்கே சேமித்து வையுங்கள், வீட்டுக்காரரின் போனிலும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "எனக்கு 33 வாரம். மதியத்திலிருந்து குழந்தை அசைவு வழக்கத்தைவிடக் குறைவா இருக்கு."

அங்கே போனால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார்கள். 28 வாரத்துக்கு மேல் என்றால் பொதுவாக சி.டி.ஜி. எடுப்பார்கள்: வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, 20 நிமிடமாவது துடிப்பைப் பதிவு செய்வது. வலி இருக்காது. தேவைப்பட்டால் ஸ்கேன். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். நாலு நாள் கழித்து மறுபடி குறைந்தால்? மறுபடி போன் செய்யுங்கள். "திரும்பவும் வந்துட்டாளே" என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் ஆபத்து. இரண்டாவது முறைக்கு முதல் முறையைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

படி 5: குழந்தை அசைகிறது, பயம் மட்டும் போகவில்லை

இதுவும் உண்டு. இப்போதுதான் உதைத்தது, பத்து நிமிடத்தில் மறுபடி கை வயிற்றுக்குப் போகிறது. அந்த நேரத்தில் கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சில தடவை போதும். பிறகு நோட்டில் இன்றைய வரியைப் படியுங்கள். இன்று நன்றாக அசைந்திருக்கிறது, மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். படித்த பிறகும் ஏதோ சரியில்லை என்று உறுத்தினால் படி 3-க்குத் திரும்புங்கள்.

முன்பு ஒரு குழந்தையை இழந்தவர்களுக்கு இந்த மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. பயத்தால் பல நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சதா அதே நினைப்பு என்றால் அடுத்த செக்கப்பில் அதையும் ஒரு உபாதையாகவே சொல்லுங்கள். மனநல ஆலோசனை கர்ப்ப காலத்திலும் எடுத்துக்கொள்ளலாம், மருந்து தேவையா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.